எல்லாக் கோப்பையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் ஒரு சராசரி, கோப்பு கோப்பாக எடுத்தால் வேறு சராசரி: எது சரி?

மார்ச் 4, காலை 9.15
வாசகர் ஒருவர் கேட்டது

கடல்மேற்பரப்பு வெப்பநிலைத் தரவு. தினமும் ஒரு பதிவு, மாதத்துக்கு ஒரு நெட்சிடிஎஃப் கோப்பு (வானிலை, கடல் தரவுகளை வைக்கும் கோப்பு வடிவம்), மொத்தம் 12 கோப்புகள். ஆண்டு சராசரி வேண்டும். முதலில் 12 கோப்புகளையும் ஒரே வரியில், சராசரி எடுக்கும் என்சிஆர்ஏ கட்டளைக்குக் கொடுத்தேன். நான் பார்க்கும் ஒரு புள்ளியில் 28.11 பாகை வந்தது. அப்புறம் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகச் சராசரி எடுத்து, அந்த 12 சராசரிகளையும் மறுபடி சராசரி எடுத்தேன். அதே புள்ளியில் 27.92. கருவி ஒன்று, தரவு ஒன்று, விடை மட்டும் இரண்டு. எதை நம்புவது?

மார்ச் 4, காலை 10.50

ஒரே கட்டளையில் வந்ததுதான் சரி. என்சிஆர்ஏ பதிவுப் பரிமாணத்தின் வழியே, அதாவது இங்கே நாள் நாளாக, போகும். கோப்பு எத்தனை என்று அது பார்ப்பதில்லை, பதிவு எத்தனை என்றுதான் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் சமம். சராசரிகளின் சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பும் சமமாகிவிடுகிறது.

சின்னக் கணக்கு. ஒரு கோப்பில் 30 பதிவுகள், சராசரி 28. இன்னொன்றில் 5 பதிவுகள்தான், சராசரி 33. பதிவு வாரியாக எடுத்தால் 840 கூட்டல் 165, வகுத்தல் 35, அதாவது 28.71. கோப்பு வாரியாக எடுத்தால் 30.5. அந்த ஐந்து பதிவுகளுக்கு முப்பதுக்குச் சமமான பலம் வந்துவிட்டது.

ஆனால் 31 நாளுக்கும் 28 நாளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு மட்டும் 0.19 வரை இழுக்காது. உங்கள் கோப்பு ஏதோ ஒன்றில் பதிவுகள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை பதிவு என்று எண்ணிச் சொல்லுங்கள்.

மார்ச் 4, மதியம் 1.05
கேட்டவர்

எண்ணிப் பார்த்தேன். ஜனவரி முதல் நவம்பர் வரை முழுதாக இருக்கிறது, 334 நாள். டிசம்பரில் 9 நாள்தான். அதற்கப்புறம் தரவு வரவில்லை. மொத்தம் 343.

மார்ச் 4, இரவு 10.20

காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மதியத்திலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

உங்கள் எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், முதல் 11 மாதங்களின் சராசரி ஏறக்குறைய 28.2, டிசம்பரின் 9 நாள் சராசரி 24.8 போல இருக்க வேண்டும். ஒரே கட்டளை செய்தது இது: 334 நாளுக்கு 28.2, ஒன்பது நாளுக்கு 24.8, வகுத்தல் 343. விடை 28.11. அந்த 343 நாளின் சராசரி என்ற அளவில் அது முழுக்கச் சரி. ஆனால் நீங்கள் கேட்டது ஆண்டின் சராசரி. ஆண்டில் டிசம்பருக்கு 31 நாள் உண்டு. குளிர்ந்த மாதத்தின் 22 நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் ஆண்டு வெப்பமாகத்தான் தெரியும்.

டிசம்பருக்கு அதன் 31 நாளைத் திருப்பிக் கொடுத்தால் 334 நாளின் கூட்டலும் 31 பெருக்கல் 24.8-உம் சேர்ந்து, வகுத்தல் 365. விடை 27.91. உங்கள் இரண்டாம் வழி 27.92 தந்தது. நான் தவறு என்று சொன்ன வழிதான் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிறது!

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 9 நாளும் மாதத் தொடக்கம். டிசம்பர் போகப்போகக் குளிர்ந்துகொண்டே போகிற கடல் என்றால், முதல் 9 நாள் முழு மாதத்தைக் காட்டாது, உண்மையான மாத சராசரி 24.8-ஐ விடக் குறைவாக இருக்கும். நிலையங்களின் தினசரி அளவீடுகளுக்கு உலக வானிலை அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு வரம்பு இருக்கிறது: மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ விடுபட்டால், அல்லது தொடர்ந்து 5 நாளோ அதற்கு மேலோ விடுபட்டால், அந்த மாதத்துக்குச் சராசரியே கணக்கிடக் கூடாது. உங்கள் டிசம்பர் இரண்டு விதத்திலும் தவறுகிறது. நானாக இருந்தால் ஆண்டு சராசரி என்ற பெயரையே போடாமல், ஜனவரி முதல் நவம்பர் வரை என்று எழுதிக் கொடுப்பேன்.

எந்தக் கட்டளை என்பது இரண்டாவது கேள்வி. எது ஒன்றாக எண்ணப்படுகிறது, நாளா, மாதமா, கோப்பா என்பதுதான் முதல் கேள்வி. காலையில் நான் அதைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, காலை 7.30

கருவிகளின் பெயரைப் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள்.

என்சிஓ என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த சார்லி செண்டர் தொண்ணூறுகளில் தொடங்கிய கட்டளைத் தொகுப்பு. அதில் என்சிஆர்ஏ பதிவுகளின் வழியே சராசரி எடுக்கும். என்சிஇஎஸ் கோப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடத்துக்கு இடம் சராசரி எடுக்கும். பழைய குறிப்புகளில் இதன் பெயர் என்சிஇஏ என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஒரு காலநிலை மாதிரியை (கணினி நிரலை) வேறு வேறு தொடக்க நிலையில் 20 தடவை ஓட்டியிருந்தால், அந்த 20 ஓட்டங்களின் சராசரிக்கு என்சிஇஎஸ். காலத்தின் வழியே என்றால் என்சிஆர்ஏ. 31 பதிவு உள்ள கோப்பையும் 28 பதிவு உள்ள கோப்பையும் என்சிஇஎஸ்-இடம் கொடுத்தால் அளவு பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். அது நல்லதுதான்.

சிடிஓ என்பது இன்னொரு கட்டளைத் தொகுப்பு, ஹாம்பர்க் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்திலிருந்து வருவது. அங்கே இதே வேலைகளுக்கு டைம்மீன், என்ஸ்மீன் என்று பெயர். மாத சராசரிகளிலிருந்து ஆண்டு சராசரிக்குப் போக இயர்மன்மீன் தனியாக உண்டு. அது மாதத்தின் நாள் எண்ணிக்கையைத் தானே எடையாக எடுத்துக்கொள்ளும். வெறும் இயர்மீன் அப்படிச் செய்யாது.

மார்ச் 5, மாலை 6.40

“31 நாளோ 28 நாளோ, இதெல்லாம் ஒரு பொருட்டா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கே போட்டுவிடலாம். ஜனவரி தொடங்கி மாத சராசரிகள் 0, 2, 6, 11, 16, 20, 23, 22, 18, 12, 6, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 138, பன்னிரண்டால் வகுத்தால் 11.50. நாள் எடையோடு எடுத்தால் 4217 வகுத்தல் 365, அதாவது 11.55. குளிர்ந்த பிப்ரவரிக்கு 28 நாளும் வெப்பமான ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் 31 நாளும் இருப்பதால் இந்த 0.05 வருகிறது.

0.05 சின்னதுதான். ஆனால் பத்தாண்டுக்கு 0.2 பாகை மாற்றத்தைத் தேடுகிறவருக்கு அது கால் பங்கு. தொடரின் முற்பாதியை ஒரு முறையிலும் பிற்பாதியை இன்னொரு முறையிலும் சராசரி எடுத்திருந்தால், நடுவில் ஒரு படி ஏறி நிற்கும். அதைக் கடலின் வேலை என்று நினைத்துக் காரணம் தேடுவோம். நான் அப்படி மூன்று வாரம் தேடியிருக்கிறேன்.

என்சிஆர்ஏ-வில் எடை கொடுக்க ஹைஃபன் டபிள்யூ என்ற விருப்பம் இருக்கிறது. கோப்புகளின் வரிசையில் 31, 28, 31 என்று எண்களை எழுதினால் போதும்.

மார்ச் 6, காலை 8.10

நேற்று மாலைக் குறிப்பில் இரண்டு எச்சரிக்கைகளை விட்டுவிட்டேன். அதைப் படித்துவிட்டு யாரும் ஓட்டிவிடும் முன் எழுதுகிறேன்.

ஒன்று, அந்த எடை கோப்புக்கு ஒன்று. மாதத்துக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரே ஒரு மாத சராசரி என்றால் பொருந்தும். ஒரே கோப்பில் 12 மாதப் பதிவுகள் இருந்தால் பன்னிரண்டுக்கும் ஒரே எடைதான் விழும்.

இரண்டாவது, கோப்புகளின் வரிசை. மாதம் 1, மாதம் 2 என்று முன்சுழியம் இல்லாமல் பெயர் வைத்திருந்து, எல்லாவற்றையும் ஒருசேர நட்சத்திரக் குறியால் (*) அழைத்தால், அவை 1, 10, 11, 12, 2, 3 என்ற வரிசையில்தான் விரியும். வெறும் சராசரிக்கு வரிசை முக்கியமில்லை. எடை கொடுத்தால் எல்லாம் முக்கியம். பிப்ரவரிக்கு என்று எழுதிய 28 அக்டோபருக்குப் போய்விடும், பிப்ரவரிக்கு 31 கிடைக்கும். நேற்றைய அதே எண்களை இந்தத் தவறான வரிசையில் போட்டுப் பார்த்தேன். 4192 வகுத்தல் 365, அதாவது 11.48. எடையே கொடுக்காமல் விட்டிருந்தால் 11.50. சரியான விடை 11.55. திருத்தப் போய் இன்னும் தள்ளிப் போய்விட்டோம்.

கோப்புக்கு 01, 02 என்றே பெயர் வையுங்கள். ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்றால், எடையோடு ஓட்டும் முன் அதே நட்சத்திரத்தை, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்குக் கொடுத்து வரிசையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மார்ச் 6, மதியம் 12.30

விடுபட்ட மதிப்புகள் பற்றி. இது மற்ற எல்லாவற்றையும் விட என்னை அதிகம் அலைக்கழித்த விஷயம்.

உரைக் கோப்புகளில் விடுபட்ட நாளுக்கு -9999 என்று எழுதும் வழக்கம் உண்டு. உரைக் கோப்புகளைக் கையாளும் ‘ஆக்’ கட்டளையில் இரண்டாம் நெடுவரிசையைக் கூட்டி வகுத்தால், 29 நாள் 28 பாகையும் ஒரு நாள் -9999-உம் சேர்ந்து சராசரி -306 வரும். பார்த்த உடனே தவறு என்று தெரியும், திருத்திவிடுவோம். ஆனால் சில பழைய தொகுப்புகளில் அதே இடத்தில் -99.9 இருக்கும். இப்போது கணக்கு 812 கழித்தல் 99.9, வகுத்தல் 30. விடை 23.7. 23.7 பாகை என்பது நம்பக்கூடிய எண். வரைபடத்தில் ஒரு குளிர்ந்த மாதமாக அழகாக உட்கார்ந்திருக்கும். நான் பயப்படுவது இந்த இரண்டாவதுக்குத்தான்.

நெட்சிடிஎஃப் கோப்பில் இதற்கென்று ஃபில்வேல்யூ என்ற பண்பு இருக்கிறது. அந்த எண் வந்தால் கருவி அதைச் சேர்க்காது, எண்ணிக்கையிலும் கணக்கிடாது. ஆனால் பண்பில் எழுதியிருக்கும் எண்ணும் தரவில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பண்பில் -9999, தரவில் -99.9 என்றிருந்தால் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. புதிய தொகுப்பு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும்தான். சிடிஓ-வில் இன்ஃபோ என்று அடித்தால் இரண்டும் வந்துவிடும். கடல் வெப்பநிலையில் மிகச் சிறியது -99.9 என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

சிடிஓ பயன்படுத்துகிறவர்களுக்கு: டைம்மீன், டைம்ஆவரேஜ் என்ற பொருளில் வரும் டைம்ஏவிஜி, இரண்டும் ஒன்றல்ல. முதலாவது விடுபட்டதைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுக்கும். இரண்டாவது ஒரே ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும் விடையையும் விடுபட்டதாக்கிவிடும். அகராதியில் ஒரே பொருள் உள்ள இரண்டு சொற்கள், கருவிக்குள் நடத்தை வேறு. முதல் தடவை டைம்ஏவிஜி ஓட்டியபோது கடலில் பாதி வெள்ளையாக வந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பதிவிறக்கினேன்.

மார்ச் 6, இரவு 9.45

மதியக் குறிப்புக்கு ஒரு பின்யோசனை.

விடுபட்டதைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுப்பதுதான் பாதுகாப்பு என்கிற தொனியில் எழுதியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். செயற்கைக்கோள் அகச்சிவப்புக் கதிரில் அளக்கும் கடல் வெப்பநிலையில், மேகம் மூடிய இடம் விடுபட்டுப் போகும். மேகம் எல்லா மாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் வரைபடத்தின் ஒரு சதுரக் கட்டத்துக்கு மாதம் 4 நாள்தான் கிடைக்கும், தெளிந்த மாதத்தில் 25 நாள் கிடைக்கும். ஒரே கட்டளையில் ஆண்டு சராசரி எடுத்தால், அந்தக் கட்டத்துக்கு அது தெளிந்த மாதங்களின் சராசரி. பக்கத்துக் கட்டத்தில் எண்ணிக்கை வேறு, ஆகவே அதன் சராசரி வேறொரு பருவத்தின் சராசரி. இரண்டையும் ஒரே வண்ணப் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம்.

டிசம்பரில் 9 நாள் என்பது கோப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். இது ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிந்துகிடக்கிற அதே சிக்கல்.

அதனால் சராசரிக் கோப்போடு எண்ணிக்கைக் கோப்பையும் சேர்த்தே உண்டாக்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். மதிப்பு இருக்கும் இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 என்று மாற்றிக் கூட்டினால், அந்தக் கட்டத்தில் எத்தனை நாள் கிடைத்தது என்று தெரிந்துவிடும். சராசரியைக் கூட்டலாகவும் எண்ணிக்கையாகவும் பிரித்து வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. நாளைக்குப் புதுக் கோப்பு வந்தால் பழையதைத் தொடவே வேண்டாம், இரண்டிலும் கூட்டிக்கொண்டு வகுத்தால் போதும். சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் தொலைத்தவருக்கு அந்த வழி அடைத்துவிடும்.

கேட்டவரே, உங்கள் 12 கோப்புகளுக்கும் எண்ணிக்கைப் படம் ஒன்று போட்டுப் பாருங்கள்.

மார்ச் 7, காலை 11.00

பொதித்து வைத்த தரவு. ஒருவர் நேற்று கேட்டதற்கு இது பதில், கூடவே என் பழைய அனுபவம்.

இடம் மிச்சப்படுத்த, வெப்பநிலையைத் தசமமாக வைக்காமல் 16 பிட் முழு எண்ணாக வைப்பார்கள். கோப்பின் பண்புகளில் ஒரு பெருக்கும் எண்ணும் ஒரு கூட்டும் எண்ணும் இருக்கும். முழு எண்ணை முதலாவதால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் உண்மையான மதிப்பு. ஒவ்வொரு கோப்பும் தன் சிறுமப் பெரும மதிப்புகளைப் பொறுத்துத் தனக்கென்று இந்த எண்களை வைத்திருக்கலாம் என்பதுதான் வில்லங்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் 12 மாதக் கோப்புகளை என்சிஆர்கேட் கட்டளையால் ஒட்டி ஒரே கோப்பாக்கினேன். ஒட்டும் கட்டளை பொதியைப் பிரிக்காது. முழு எண்களை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, பண்புகளை முதல் கோப்பிலிருந்து எழுதும். அதாவது பிப்ரவரியின் முழு எண்களுக்கு ஜனவரியின் பெருக்கும் எண். ஜனவரி தவிர எல்லா மாதமும் ஒன்று இரண்டு பாகை தள்ளி வந்தது. பருவ மாற்றம் இருந்தது, கரையோரம் இருந்தது, நீரோட்டம்கூடத் தெரிந்தது. ஏற்கெனவே அச்சான வரைபடம் ஒன்றோடு ஒப்பிட்டபோது ஜனவரி மட்டும் துல்லியமாகப் பொருந்தியது, மற்ற பதினொன்றும் பொருந்தவில்லை. ஒரே ஒரு மாதம் பொருந்துவது எனக்கு விசித்திரமாகப் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் கண்டுபிடித்தேன். எல்லாமே பொருந்தாமல் இருந்திருந்தால் அந்த வரைபடத்தைச் சந்தேகித்திருப்பேன்.

தீர்வு எளிது. ஒட்டும் முன் ஒவ்வொரு கோப்பையும் என்சிபிடிகியூ கட்டளையில் பெரிய எழுத்து யூ விருப்பத்தோடு ஓட்டிப் பொதியைப் பிரித்துவிடுங்கள். சிடிஓ-வில் சில சமயம் மதிப்பு எல்லைக்கு வெளியே போகிறது என்று பிழைச் செய்தி வரும், ஹைஃபன் பி எஃப்32 பயன்படுத்தச் சொல்லும். அதுவும் இதே பொதிச் சிக்கல்தான். சொன்னபடி செய்தால் விடையைத் தசமமாக எழுதும்.

மார்ச் 7, இரவு 8.20

ஒருவர், சொந்தமாக நிரல் எழுதிக் கூட்டுவதாகவும் 20 ஆண்டு மணிநேரத் தரவில் சராசரி கொஞ்சம் இறங்கி வருவதாகவும் எழுதியிருந்தார். ஒற்றைத் துல்லியத்தில் (32 பிட் தசம எண்ணில்) கூட்டுகிறீர்களா என்று கேட்டேன், ஆம் என்றார். காரணம் அதுதான்.

ஒற்றைத் துல்லியத் தசம எண்ணில் இலக்கங்களுக்கு 24 பிட் இடம்தான். 1,67,77,216 என்ற எண்ணோடு 1 கூட்டினால் அதே 1,67,77,216தான் திரும்ப வரும். இப்போது கெல்வினில் சுமார் 300 வீதம் கூட்டிக்கொண்டே போங்கள். ஏறக்குறைய 1,12,000 மணிநேரத்தில், அதாவது பன்னிரண்டே முக்கால் ஆண்டில், கூட்டல் 3,35,54,432-ஐத் தாண்டும். அதற்கு மேல் இரண்டு அண்டை எண்களுக்கு இடையே இடைவெளி 4. நீங்கள் 301.3 கூட்டினால் 300தான் ஏறும். 298-க்கும் 302-க்கும் நடுவே உள்ள எல்லாமே 300. கடைசி ஏழு ஆண்டுகளின் வெப்பநிலை மாற்றம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் விழுந்து மறைந்துவிடும்.

இரட்டைத் துல்லியத்தில் கூட்டுங்கள். ‘ஆக்’ எப்போதும் அப்படித்தான் செய்கிறது, என்சிஓ-வும் இப்போது உள்ளே அப்படித்தான் கூட்டுகிறது. நினைவகம் போதாது என்றால், கூட்டும் முன் 273.15-ஐக் கழித்துவிடுங்கள், கூட்டல் பத்தில் ஒரு பங்காகும். வில்லியம் கஹான் 1965இல் வெளியிட்ட வழியும் இருக்கிறது: ஒவ்வொரு கூட்டலிலும் உதிர்ந்த துணுக்கைத் தனியாக வைத்திருந்து அடுத்த கூட்டலில் சேர்ப்பது. நாலே வரி நிரல்தான், பார்க்கவே அழகாக இருக்கும்.

மார்ச் 8, காலை 9.00

பேச்சு கொஞ்சம் வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை.

காற்றின் திசையை என்சிஆர்ஏ-விடம் கொடுக்காதீர்கள். 350 பாகை, 10 பாகை, இரண்டும் வடக்குக் காற்று. சராசரி 180, தெற்குக் காற்று! கிழக்கு மேற்குக் கூறு, வடக்கு தெற்குக் கூறு என்று பிரித்து, அவற்றைச் சராசரி எடுத்து, கடைசியில் திசையாக்க வேண்டும். மடக்கை அளவுகளும் அப்படியே. ரேடார் எதிரொளிப்பின் மடக்கை அலகான டிபிஇசட்டில் 20, 40 என்றால், நேராகச் சராசரி 30. உண்மையான எதிரொளிப்பு 100-உம் 10,000-உம், சராசரி 5,050, திருப்பி மடக்கை எடுத்தால் 37. கட்டளை எதையும் மறுக்காது, எல்லா எண்ணும் அதற்கு எண்தான்.

மார்ச் 8, மாலை 5.15

தேதி முத்திரை பற்றி ஒரு வரி. சிஇஎஸ்எம் என்ற காலநிலை மாதிரியின் மாத சராசரிக் கோப்புகளில் நேரம் என்பது சராசரி எடுத்த காலத்தின் முடிவு. ஜனவரி சராசரியின் மேல் பிப்ரவரி 1, நள்ளிரவு என்றிருக்கும். அப்படியே ஆண்டு சராசரி எடுத்தால் டிசம்பர் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும், முந்திய ஆண்டின் டிசம்பர் உள்ளே வந்துவிடும். சிடிஓ-வின் ஷிஃப்ட்டைம் கொண்டு நேரத்தில் ஒரு நாளைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மார்ச் 9, காலை 8.35
கேட்டவர்

எண்ணிக்கைப் படம் போட்டேன். கரையோரத்தில் 90, 100 என்று குறைவாக இருக்கிறது, நீங்கள் சொன்ன மேகம்தான். ஆனால் நடுக்கடலில் சில கட்டங்களில் 344 என்று காட்டுகிறது. என்னிடம் இருப்பதே 343 நாள். எப்படி?

மார்ச் 9, காலை 9.50

உங்கள் சராசரிக் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது? தரவுக் கோப்புகளோடு ஒரே இடத்தில் இருந்து, நட்சத்திரக் குறியால் எல்லாவற்றையும் அழைத்தீர்கள் என்றால், முதல் தடவை உண்டான சராசரிக் கோப்பு இரண்டாம் தடவை உள்ளீடாகப் போயிருக்கும். என்சிஆர்ஏ விடையில் ஒரு பதிவு இருக்கும். 343-உம் 1-உம் 344. இதற்கு முன் வந்த உங்கள் சராசரிகளும் கெட்டிருக்கும், எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள்.

மார்ச் 9, மதியம் 2.10

கடைசி வாக்கியத்தைத் திருத்துகிறேன். மூன்று சின்னப் போலிக் கோப்புகள் உண்டாக்கி நானே ஓட்டிப் பார்த்தேன். சராசரிக் கோப்பைச் சேர்த்து மறுபடி ஓட்டியும் விடை கொஞ்சமும் மாறவில்லை. ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் யோசித்தால் மாறவே முடியாது: 10, 20, 30 இவற்றின் சராசரி 20. 10, 20, 30, 20 இவற்றின் சராசரியும் 20. சராசரியையே இன்னொரு உறுப்பாகச் சேர்த்தால் அது அசையாது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே எண்தான் வரும்.

அதனால்தான் இது கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. உங்கள் 28.11 கெடவில்லை. ஆனால் திட்ட விலக்கம் எடுத்திருந்தால் அது குறைந்திருக்கும். புதிய மாதத்தின் கோப்பு வந்து அதே கோப்புறையில் மறுபடி ஓட்டியிருந்தால், பழைய சராசரி ஒரு கூடுதல் நாளாக உட்கார்ந்து, புதிய விடையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கும். அந்தப் பிழையை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் சொந்தக் கோப்புறைகளையும் இப்போதுதான் திறந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் விடைக் கோப்பு தரவோடுதான் கிடக்கிறது. அவற்றில் மாதாமாதம் புதுக் கோப்பு சேர்ந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு இரவு அவற்றை மறுபடி ஓட்ட வேண்டும்.

மார்ச் 9, இரவு 11.30
கேட்டவர்

விடைக் கோப்புகளை வேறு கோப்புறைக்கு மாற்றிவிட்டு எண்ணிக்கையை மறுபடி எடுத்தேன். நடுக்கடலில் அதிகபட்சம் 343.

மார்ச் 10, காலை 6.50

என்னுடைய இரண்டில் ஒன்றில் வேறுபாடே இல்லை. இன்னொன்றில் இரண்டாம் தசம இடத்தில் மாறியிருக்கிறது, பழைய சராசரி நான்கு தடவை உள்ளே போயிருந்தது. அந்தக் கோப்பைப் பயன்படுத்துகிற இருவருக்கும் திருத்திய பிரதியை அனுப்பிவிட்டேன், எண்ணிக்கைக் கோப்பையும் சேர்த்து.